நடுப்பகலில் தேறும் வேகம்

மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கிறது. அந்தக் கணவாயில்தான் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேன்பதி என்று தமிழ் புழங்கும் ஊர்கள் இருக்கின்றன. கேரளம் என்றதும் மனதில் எழும் ஈரமும் பசுமையும் இங்கே குறைவு; பனைமரமும் வறண்ட காற்றும்தான் அதிகம். கோடையில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும். 2024 ஏப்ரலில் வானிலை ஆய்வு மையம் பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கையே விடுத்தது.

ஓவர்கிளாக்கிங் பற்றிய கட்டுரையில் வெயிலுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். ஓவர்கிளாக்கிங், அதாவது கணினியை அதன் நிர்ணய வேகத்துக்கு மேல் ஓட்டுவது, பெரிய வித்தை இல்லை. கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் என்ற அமைப்புத் திரையில் இரண்டு எண்களை மாற்றினால் போதும். மாற்றிய வேகம் நிலைத்து நிற்குமா என்பதுதான் கேள்வி. அதைத் தீர்மானிப்பதில் அறை வெப்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. குளிர்நாட்டு அறையில் சோதித்து ஒருவர் சொன்ன எண்ணை நம் ஊர் ஏப்ரல் மாதத்தில் அப்படியே போட்டுக்கொள்வது ஆபத்து.

கணினியின் மூளையான செயலி (சிபியு) எப்படி வேகம் எடுக்கிறது என்று பார்ப்போம். 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பை 45 ஆல் பெருக்கினால் 4.5 கிகாஹெர்ட்ஸ். அப்போது ஒரு துடிப்பின் நீளம் 0.22 நானோநொடி. அந்த நேரத்தில் ஒளிகூட ஏழு சென்டிமீட்டரைத் தாண்டாது. அதற்குள் ஒரு மின்குறி வரிசையான பல டிரான்சிஸ்டர்களை (நுண்ணிய மின்சுவிட்சுகளை) கடந்து, விடையைப் பிடித்துவைக்கும் அடுத்த பதிவகத்தில் சரியான மதிப்பாக அமர்ந்துவிட வேண்டும்.

ஆழியாற்றுத் தண்ணீரைப் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்து வாய்க்கால்களில் முறைவைத்து விடும்போது, கடைமடை வயல் நனையும் முன்பே மதகை இறக்கிவிட்டால் தலைமடை நிறைந்திருக்கும், கடைமடை மட்டும் காய்ந்து கிடக்கும். செயலியிலும் அப்படித்தான். லட்சக்கணக்கான பாதைகள் நேரத்துக்கு வேலையை முடித்திருக்கும். மிக நீளமான ஒரு பாதையில் மட்டும் குறி வந்து சேராமல் தவறான விடை பதிவாகும்.

அந்தத் தாமதத்தைக் குறைக்க மின்னழுத்தத்தை ஏற்றுகிறோம். வோல்ட் கூடினால் டிரான்சிஸ்டர்கள் விரைவாகத் திறந்து மூடும். ஆனால் செயலி உறிஞ்சும் திறன், வேகத்தோடு நேர் விகிதத்திலும் வோல்ட்டின் இருமடியோடும் கூடுகிறது. வேகத்தை 10 சதவீதமும், 1.20 வோல்ட்டை 1.32 ஆகவும் உயர்த்தினால் 100 வாட் செலவு ஏறத்தாழ 133 வாட் ஆகும். பத்து சதவீத வேகத்துக்கு முப்பத்துமூன்று சதவீதச் சூடு! சூடு ஏற ஏற டிரான்சிஸ்டர்களின் கசிவு மின்னோட்டமும் கூடி, அது மேலும் சூட்டைச் சேர்க்கும்.

கூலர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாகச் செயலியை வைக்க அதனால் முடியாது. 25 டிகிரி அறையில் 78 டிகிரியில் ஓடும் செயலி, 39 டிகிரி அறையில் 92 டிகிரியை எட்டிவிடும். இன்றைய செயலிகள் பல 95 அல்லது 100 டிகிரியில் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. மார்கழியில் கிடைத்த கூடுதல் வேகம் சித்திரையில் காணாமல் போவது இதனால்தான்.

கணினியின் தற்காலிக நினைவகமான ராம் விஷயம் இதைவிடச் சுவையானது, ஆபத்தும் கூடியது. ராபர்ட் டென்னார்டு 1968இல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றும் அடிப்படை: ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு நுண்ணிய மின்தேக்கி. தேக்கியில் மின்னேற்றம் இருந்தால் 1, இல்லையென்றால் 0. அந்த மின்னேற்றம் ஓயாமல் கசிகிறது. அதனால் டிடிஆர்4 என்ற தலைமுறை ராமில் 64 மில்லிநொடிக்குள் எல்லா வரிசைகளையும் படித்துத் திரும்ப எழுத வேண்டும். அதை 8,192 தவணைகளாகப் பிரித்து, 7.8 மைக்ரோநொடிக்கு ஒருமுறை செய்கிறார்கள். சில்லின் வெப்பம் 85 டிகிரியைத் தாண்டினால் 64 மில்லிநொடி என்பது 32 ஆகச் சுருங்க வேண்டும் என்பது தரவிதி. சூடு கூடக் கூடக் கசிவும் வேகமாகிறது.

வேகப்பிரியர்கள் பலர் இந்தப் புதுப்பிப்பு இடைவெளியை நீட்டிவிடுகிறார்கள். புதுப்பிக்கும் நேரத்தில் ராம் வேறு வேலை செய்யாது. ஆகவே இடைவெளி நீண்டால் செயல்திறன் கூடும். சில மதர்போர்டுகளில் அதை 65,535 துடிப்பு வரை கொண்டுபோகலாம். 3600 என்று வேக எண் போட்ட ராமில் (ஒரு துடிப்புக்கு இருமுறை தரவு அனுப்புவதால் துடிப்பு 1800 மெகாஹெர்ட்ஸ்தான்) அது சுமார் 36 மைக்ரோநொடி. தரவிதியைப் போல நாலரை மடங்குக்கும் மேல். குளிர்ந்த அறையில் சில்லுகள் தாக்குப்பிடிக்கக்கூடும். கணவாய்க் காற்று அனலாக வீசும் மதியத்தில் அதை நம்பிக் கோப்பு எழுதக் கூடாது.

ராம் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் மட்டுமே வேகம் அல்ல. கேட்ட தரவு வர எத்தனை துடிப்பு காத்திருக்க வேண்டும் என்பதைச் சிஎல் என்ற எண் சொல்லும். 3200 ராமில் சிஎல் 16 என்றால் காத்திருப்பு 10 நானோநொடி. 3600இல் சிஎல் 18 என்றாலும் அதே 10 நானோநொடிதான். டிடிஆர்5 6000இல் சிஎல் 36 என்றால் 12. எண் பெரிதானால் ஒரே நேரத்தில் அதிகத் தரவு பாயும். முதல் பிட் வந்து சேரும் நேரம் குறைய வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் காசு கொட்டுவது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

ராமை அதன் பெட்டியில் போட்ட வேகத்துக்கு ஏற்ற, எக்ஸ்எம்பி, எக்ஸ்போ என்று பயாஸில் இருக்கும் ஒற்றைப் பொத்தானும் ஓவர்கிளாக்கிங்தான். டிடிஆர்4 ராமின் தர மின்னழுத்தம் 1.2 வோல்ட், எக்ஸ்எம்பி அதைப் பெரும்பாலும் 1.35க்கு ஏற்றுகிறது. ராம் தயாரிப்பாளர் தன் ராமுக்குத்தான் உறுதி தருகிறார். ராமைக் கட்டுப்படுத்தும் சுற்று செயலிக்குள் இருக்கிறது. அதன் திறன் சில்லுக்குச் சில்லு மாறும். நான்கு ராம் போட்டால் அதன் சுமை இன்னும் கூடும்.

எல்லைப்புறத்தில் கல்யாண வீடியோ தொகுக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, காலையில் எக்ஸ்போர்ட் போட்டால் சுத்தமாக வருகிறது. மதியம் போட்டால் ஏதாவது ஒரு பிரேமில் பச்சைக் கட்டம் விழுகிறது. சாப்ட்வேர் கோளாறா?" பெட்டியைத் திறந்தோம். நான்கு ராம்கள், 3600 எக்ஸ்எம்பி. கிராபிக்ஸ் கார்டு கக்கிய அனல் நேராக அவற்றின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. ராமில் கைவைத்தால் விரலை எடுக்க வேண்டியிருந்தது. 3200க்கு இறக்கி, ராம் பக்கம் ஒரு விசிறி வைத்ததும் மதியத்திலும் கட்டம் விழவில்லை.

செயலி தவறினால் கணினி பெரும்பாலும் உறைந்துவிடும் அல்லது நீலத்திரை காட்டும். ராமில் ஒரு பிட் புரண்டால் எதுவுமே தெரியாமல் போகலாம். டிடிஆர்5 சில்லுக்குள் பிழைதிருத்தம் இருப்பதால் கவலை இல்லை என்பார்கள். அது சில்லுக்குள்ளே நிகழும் பிழைகளுக்கு மட்டும். ராமுக்கும் செயலிக்கும் இடையே ஓடும் கம்பிகளில் நேரும் பிழையை அது பிடிக்காது.

அதனால் சோதனைக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். முதலில் செயலியை இயல்பு வேகத்தில் விட்டு ராமை மட்டும் ஏற்றி, பென் டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனை நிரலை ஓட்டுங்கள். பிறகு கிராபிக்ஸ் கார்டையும் சூடேற்றியபடி விண்டோஸுக்குள் ஒரு ராம் சோதனை. அது தேறிய பின்பே செயலிக்கு வாருங்கள். அதற்கு பிரைம்95 என்ற நிரல் நல்லது. தான் கணக்கிட்ட விடையை ஏற்கெனவே அறிந்த விடையோடு ஒப்பிடுவதால், கணினி உறையாவிட்டாலும் தவறு பிடிபடும். இத்தனையும் மதியம் இரண்டு மணிக்கு, ஏசி இல்லாமல், பெட்டியின் மூடியைப் பூட்டி நடக்க வேண்டும். தேறிய வேகத்திலிருந்து ஒரு படி இறங்கி நில்லுங்கள். சில்லு வயதாக ஆக அதன் தாங்கும் திறன் குறையும். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைச் செயலிகள் சில, அளவுக்கு மீறிய வோல்ட்டால் நிரந்தரமாகப் பழுதானதை 2024இல் பார்த்தோம். மைக்ரோகோடு (செயலிக்குள் இருக்கும் அடிப்படை நிரல்) திருத்தம் வந்தும், ஏற்கெனவே பழுதானவை மீளவில்லை.

1998இல் செலரான் 300ஏ என்ற செயலியை 300இலிருந்து 450 மெகாஹெர்ட்ஸுக்குப் பலர் எளிதாக ஏற்றினார்கள். பாதிக்குப் பாதி லாபம். இன்றைய செயலிகள் எல்லையை ஒட்டியே கடையிலிருந்து வருகின்றன; நாம் ஏற்றிப் பெறுவது பெரும்பாலும் சில சதவீதமே. இந்த வெயிலில் நான் பரிந்துரைப்பது எதிர்த்திசை: வோல்ட்டைச் சிறிது சிறிதாக இறக்கி, அதே சோதனைகளை ஓட்டிப் பாருங்கள். சூடு குறையும், செயலி தன் உச்ச வேகத்தில் அதிக நேரம் நிற்கும்.

சோதனையில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பில் எழுதிய கோப்புகளைச் சந்தேகியுங்கள். கேமரா கார்டில் மூலம் அழியாமல் இருந்தால், ராமை இயல்பு வேகத்துக்கு இறக்கிய பிறகு அதிலிருந்து மறுபடி பிரதி எடுத்து, பழைய பிரதியோடு பைட் பைட்டாக ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவரை கார்டை ஃபார்மட் செய்ய வேண்டாம்.