ஒத்துழைப்பு: கொடுப்பதா, உழைப்பதா?

அக்டோபர் 24 ஐ.நா. நாள் என்பது பலருக்குத் தெரியும். அதே தேதி உலக வளர்ச்சித் தகவல் நாளும்கூட. நாடுகளின் வளர்ச்சிச் சிக்கல்களையும், அவற்றைத் தீர்க்க நாடுகள் ஒன்றுசேர வேண்டிய தேவையையும் உலக மக்களின் கவனத்துக்குக் கொண்டுவர ஐ.நா. பொதுச்சபை 1972இல் ஏற்படுத்திய நாள் அது. சென்ற ஆண்டு இதையொட்டி எங்கள் கடற்கரை ஊரின் படிப்பகத்துக்கு ஒரு பலகை எழுதிக் கொடுத்தேன். ‘இன்டர்நேஷனல் கோஆப்பரேஷன்’ என்பதைப் ‘பன்னாட்டு ஒத்துழைப்பு’ என்று பெரிய எழுத்தில் எழுதி மாட்டினேன்.

பாசி எடுக்கப் போகிற அக்கா ஒருவர் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு கேட்டார்: “ஒத்துழைப்புன்னா சத்தம் போடாம சொன்னதக் கேட்டுக்கிறதுதான தம்பி? அப்ப இது, எல்லா நாட்டுக்காரனும் சொல்றதக் கேட்டுக்கணும்னு எழுதியிருக்கா?”

அவர் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. அந்தச் சொல்லை அவர் கேட்ட இடங்கள் அப்படி. “பொதுமக்கள் ஒத்துழைப்புத் தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்” என்று ஒலிபெருக்கி சொன்னால், வரிசையில் நில், இடத்தைக் காலி செய், கேள்வி கேட்காதே என்றுதான் பொருள். ஐம்பது வயதுவரை ஒருவர் ஒரு சொல்லை இந்தப் பொருளில் மட்டுமே கேட்டிருந்தால், அகராதியைக் காட்டி அவரைத் திருத்த எனக்கு என்ன உரிமை? அன்றிரவு உட்கார்ந்து அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தேன். அதன் விளைவுதான் இந்தக் குறிப்பு.

ஒத்து + உழைப்பு. ஒத்தல் என்றால் இணையாக இருத்தல், பொருந்துதல். ஒத்த வயது, ஒத்த கருத்து, ஒப்பு, ஒப்புதல் எல்லாம் இந்தக் குடும்பம். உழைப்புக்கு விளக்கம் தேவையில்லை. உடல் வருந்தச் செய்யும் வேலை. ஆக, ஒருவருக்கொருவர் இணையாக நின்று, பொருந்தி, வேலை செய்வது ஒத்துழைப்பு. ஆங்கிலச் சொல்லின் மூலமான இலத்தீனிலும் ‘கோ’ என்றால் கூட, ‘ஓபஸ்’ என்றால் வேலை. இரண்டும் ஒரே வார்ப்பு போலத் தெரிந்தாலும் ஒரு வேறுபாடு உண்டு. இலத்தீன் ‘கூட’ என்று மட்டும் சொல்கிறது. முதலாளியின் கூடவும் வேலை செய்யலாம், மேஸ்திரியின் கூடவும் செய்யலாம். தமிழ் ‘ஒத்து’ என்கிறது. இணை இல்லாத இடத்தில் அந்தச் சொல்லுக்கு வேலை இல்லை. தமிழ்ச் சொல்லின் வலு இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அதே ‘ஒத்து’வுக்கு இன்னொரு முகமும் உண்டு. நாகசுரக் கச்சேரியில் ஒரே சுருதியை விடாமல் ஊதிக்கொண்டிருக்கும் கருவிக்கு ஒத்து என்று பெயர். மேளத்துக்கு அது இன்றியமையாதது. ஆனால் பேச்சில் “அவன் ஒத்து ஊதுறான்” என்றால், சொந்தக் கருத்தில்லாமல் ஆமாம் போடுகிறான் என்று பொருள். அந்த அக்காவின் காதில் விழுந்தது இந்த ஒத்துதான்.

பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் பெரும்பாலும் எதிர்மறையாகத்தான் அறிமுகமாகிறது: 1920இன் ஒத்துழையாமை இயக்கம். அதை நினைத்தால் சொல்லின் எடை புரியும். அடிமையாக இருப்பவர் உழைப்பார்; ஒத்து உழைக்கமாட்டார். ‘மாட்டேன்’ என்று சொல்ல முடிந்தவரின் ‘சரி’க்குத்தான் ஒத்துழைப்பு என்று பேர். கோஆப்பரேஷனுக்கு நாம் வைத்த இன்னொரு தமிழ் கூட்டுறவு. 1904ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பெருகிய சங்கங்களோடு அந்தச் சொல் ஒட்டிக்கொண்டுவிட்டது. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தை ஊரில் யாரும் அப்படிச் சொல்வதுமில்லை, ‘சொசைட்டி’ என்பார்கள்.

குறளின் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். ஈகை அடுத்த அதிகாரம். இரண்டையும் தனித்தனியாக வைத்ததை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஈகை இல்லாதவருக்குக் கொடுப்பது. ஒப்புரவு, உலகத்தோடு பொருந்தி வாழத் தெரிந்தவர் தம் கடமையாகச் செய்வது. பன்னாட்டு உதவி, பன்னாட்டு ஒத்துழைப்பு என்ற இரண்டையும் நாளிதழ்கள் மாற்றி மாற்றி எழுதும்போது எனக்கு இந்த இரண்டு அதிகாரங்களும் நினைவுக்கு வரும்.

அந்த அக்காவுக்கு நான் குறளைச் சொல்லவில்லை, கரைவலையைச் சொன்னேன். ஒரு கயிற்றின் முனையைக் கரையில் விட்டுவிட்டு, வள்ளம் அரைவட்டமாகப் போய் வலையை இறக்கி, இன்னொரு முனையைத் தூரத்தில் கரை சேர்க்கும். இரண்டு முனையிலும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். நடுவில் இருக்கும் மடியில்தான் மீன் சேரும். ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் இழுத்தால் வலை சாய்ந்துவிடும், மீன் ஒதுங்கி வெளியேறிவிடும். அதனால் இந்த முனையில் நிற்பவர் அந்த முனையில் நிற்பவரைப் பார்த்துக்கொண்டேதான் இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்துவரும். இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு அதற்குத்தான், கைகள் ஒரே அடியில் விழ. மடி கரையேறியதும் பங்கு. கயிற்றைச் சுருட்டி வைத்தவருக்கும் அதில் உண்டு.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று பிடிபட்டது. கரைவலையில் யாரும் ஒத்துழைப்புக் ‘கொடுப்பதில்லை’. ஒத்து இழுக்கிறார்கள். சிக்கல் சொல்லில் இல்லை, அதற்குப் பின்னால் நாம் சேர்க்கும் வினையில் இருக்கிறது. ஒத்துழை என்ற நல்ல வினையைப் பெயராக்கி, அதோடு கொடு, தா, நல்கு என்று சேர்த்தவுடன் அது கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்கு எடுத்து நீட்டும் பொருளாகிவிடுகிறது. ‘மக்கள் ஒத்துழைப்பு தர வேண்டும்’ என்பதையும் ‘மக்களோடு ஒத்துழைக்க வேண்டும்’ என்பதையும் அடுத்தடுத்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். யார் எங்கே நிற்கிறார்கள் என்பதே மாறிவிடும்.

முன்னால் வரும் ‘பன்னாட்டு’ கொஞ்சம் எளிது. பல் + நாடு, புணர்ச்சியில் பன்னாடு. ‘இன்டர்நேஷனல்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் ஆக்கியவர் பெந்தம் என்ற சட்ட அறிஞர்; 1789இல் வெளிவந்த அவர் நூலில் அது வருகிறது. ‘நாடுகளுக்கு இடையே’ என்பது அதன் நேர்ப்பொருள். சர்வதேசம் என்றால் எல்லா நாடும், அனைத்துலகம் என்றால் முழு உலகும். பன்னாட்டையும் சேர்த்து இந்தத் தமிழ்ச் சொற்கள் மூன்றிலும் ‘இடையே’ இல்லை. நமக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் கிடக்கும் கடலில் பிழைப்பவர்களுக்கு அந்த ‘இடையே’தான் முக்கியம். இருந்தாலும் பன்னாட்டு என்பது நிலைத்துவிட்டது, அதையே வைத்துக்கொள்ளலாம். பன்னாட்டு நிறுவனம் என்று கம்பெனிகளுக்கும் அதையே சொல்வதால் சிலருக்கு விற்பனை வாடை அடிக்கும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். இரண்டு நாடு மட்டும் என்றால் ‘இருநாட்டு’ என்று தெளிவாக எழுதிவிடலாம். அக்கரையில் ‘சர்வதேச ஒத்துழைப்பு’, ‘அபிவிருத்தி’ என்பார்கள். நாம் பன்னாட்டு, மேம்பாடு என்போம். அவர்கள் வழக்கைத் திருத்தப் போக வேண்டாம்.

இந்தப் பெரிய சொற்கள் எங்கள் கரைக்கு வராதவை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1950இல் கொழும்பில் கூடிப் பேசி, 1951இல் தொடங்கிய கொழும்புத் திட்டம் ஆசிய நாடுகளின் வளர்ச்சிக் கூட்டு முயற்சிகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று. இன்னும் நெருக்கமான கதை நார்வேயுடையது. 1952இல் இந்தியா, நார்வே, ஐ.நா. மூன்றும் ஒப்பந்தம் போட்டுக் கேரளத்தின் நீண்டகரையில் மீனவர்களுக்காக ஒரு திட்டம் தொடங்கின. இயந்திரப் படகு, புதிய வலை, பனிக்கட்டி, குடிநீர், மருத்துவம் எல்லாம் அதில் இருந்தன. 1960களில் அது மண்டபம் வரை விரிந்தது. நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆனால் இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏற ஏற, இயந்திரப் படகோடு இழுவைமடியும் பரவியது. கடலடியை வாரிக்கொண்டு வரும் மடி அது. பாக் நீரிணை ஆழம் குறைந்த, குறுகிய கடல். எத்தனை படகைத் தாங்கும் என்று அங்கே சிறு வலை போடுகிறவர்களிடம் முதலிலேயே உட்கார்ந்து கேட்டிருந்தால்? 2009இல் போர் முடிந்து வடஇலங்கை மீனவர்கள் மறுபடி கடலுக்கு வந்தபோது, அவர்கள் வலைகளை இக்கரை இழுவைப் படகுகள் அறுத்துப் போயின. இக்கரை மீனவர்கள் இலங்கையில் கைது, படகு பறிமுதல், இங்கே கண்ணீர். 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடுத்தது. ஒரு முனையை மட்டும் பலமாக இழுத்த கரைவலை இது.

2014 ஜனவரியில் இரு கரை மீனவர் பேராளர்களும் சென்னையில் ஒரே மேசையில் பேசினார்கள். கடலில் பிழைப்பவர்களே உட்கார்ந்த பன்னாட்டுப் பேச்சு. அது எல்லாவற்றையும் தீர்க்கவில்லை. ஆனாலும் ‘ஒத்துழைப்பு’ என்ற சொல்லுக்கு எடுத்துக்காட்டு கேட்டால் நான் முதலில் சுட்டுவது அந்த மேசையைத்தான்.

ஒத்து இழுத்து மடி கரையேறிய கதையும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே நிலம் அதிர்ந்தபின் தமிழகக் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரம் இருந்தும் முறையான எச்சரிக்கை எதுவும் வரவில்லை. இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை அமைப்பே அப்போது இல்லை. பின்னர் யுனெஸ்கோவின் கடலியல் ஆணையத்தின் கீழ் நாடுகள் சேர்ந்து அதைக் கட்டின. ஐதராபாத்தில் இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல் தகவல் மையத்தில் 2007 முதல் நம் எச்சரிக்கை நிலையம் இயங்குகிறது. 2011 முதல் இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா மூன்றும் பெருங்கடல் முழுமைக்கும் தகவல் தருகின்றன. இந்தோனேசியக் கரையில் அதிரும் நிலம் ராமேசுவரத்துக் கைப்பேசியில் செய்தியாக வருவது, யாரோ நமக்குப் போட்ட பிச்சை இல்லை. நாமும் ஒரு முனையில் கயிறு பிடித்திருக்கிறோம்.

ஆகவே என் பரிந்துரை இது. கட்டுரைக்கும் அறிக்கைக்கும் ‘பன்னாட்டு ஒத்துழைப்பு’ போதும். மக்கள் பார்க்கும் பலகையிலும் துண்டறிக்கையிலும் பெயரை விட்டு வினையாக எழுதுங்கள், பிரித்தும் எழுதுங்கள்: ‘நாடுகள் ஒத்து உழைப்பது’. பணம் மட்டும் போய் வருகிற இடத்தில் நேர்மையாக ‘உதவி’ என்றே சொல்லுங்கள், அதில் இழிவில்லை. ‘ஒத்தாசை’ என்ற பேச்சுவழக்கையும் ஒதுக்க வேண்டாம். “கொஞ்சம் ஒத்தாசைக்கு வாங்க” என்று கேட்பவர் நாளை தானும் வருவேன் என்று சொல்லாமல் சொல்கிறார்.

‘விழிப்புணர்வு’ பற்றியும் ஒரு வார்த்தை. பன்னாட்டு வளர்ச்சி பற்றிய விழிப்புணர்வு முகாம் என்று போட்டால், கேட்க வருபவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்று ஆகிறது. பின்னிரவில் எழுந்து காற்றுப் பார்க்கிறவரைப் பற்றி அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. 1972இல் ஐ.நா. அந்த நாளுக்கு வைத்த பெயரிலும் இருப்பது தகவல் என்ற சொல்தான். அவரிடம் இல்லாதது தகவல். அவரிடம் இருந்து நமக்கு வராததும் தகவல்தான்.

பலகையை அழித்து மறுபடி எழுதினேன்: “நாடுகள் ஒத்து உழைத்தால் என்ன நடக்கும்? சுனாமி வருமுன் செய்தி வரும்.” அக்கா படித்தார். “இது வெளங்குது,” என்றார். கீழே பாதிப் பலகை காலியாக இருந்தது. “அங்கிட்டு ஒன்னு எழுதலாமா தம்பி? இங்க ஏப்ரல் 15லேருந்து 61 நாளு விசைப்படகுக்குத் தடைக்காலம் வைக்கிறாகல்ல. அந்த நாள ரெண்டு கரைக்காரகளும் ஒன்னா உக்காந்து குறிச்சா என்னன்னு எழுதுங்க.”

அவர் சொன்னபடியே எழுதினேன். ‘ரெண்டு கரைக்காரகளும்’ என்பதை மாற்றவில்லை.