பக்கத்து நிறம் செய்யும் வேலை

பாரிஸில் உள்ள கோபெலின், சுவரில் தொங்கவிடும் சித்திரத் திரைச்சீலைகளை நெய்கிற, அரசுக்குச் சொந்தமான பழைய தறிக்கூடம். 1824-ல் அதன் சாயப் பிரிவுக்கு இயக்குநராக வந்தவர் மிஷெல் யூஜீன் செவ்ரல். கொழுப்பையும் சோப்பையும் ஆராய்ந்து பெயரெடுத்த வேதியியலாளர். வந்ததும் அவர் முன்னால் புகார்கள் குவிந்தன. அதில் ஒன்று கறுப்பு நூலைப் பற்றியது: சித்திரத்தில் வரும் நீல, ஊதா துணி மடிப்புகளில் நிழலுக்காகக் கோத்தால் கறுப்பு சோகையாகத் தெரிகிறது, சாயம் சரியில்லை.

செவ்ரல் வெளியிலிருந்து நல்ல கறுப்பு நூல்களை வரவழைத்து ஒப்பிட்டார். கோபெலின் சாயத்தில் ஒரு குறையும் இல்லை. வேலையைக் காட்டியது பக்கத்தில் இருந்த நீலம்தான். ஒரு நிறத்தைப் பார்க்கும்போது, அதற்கு எதிரான நிறத்தின் சாயல் அடுத்திருப்பதன்மேல் ஏறிவிடுகிறது. நீலத்துக்கு எதிர் ஆரஞ்சு. லேசாக ஆரஞ்சு ஏறிய கறுப்பு கறுப்பாகவா இருக்கும்? இதை விரித்து 1839-ல் அவர் வெளியிட்ட பெரிய நூலை வேதியியலாளர்களைவிட ஓவியர்கள்தான் விழுந்து விழுந்து படித்தார்கள்.

ஒரே சாம்பல் நிறத் தாளில் இரண்டு சதுரங்கள் வெட்டி, ஒன்றை வெள்ளைத் தாள்மேலும் மற்றதைக் கறுப்புத் தாள்மேலும் வைத்துப் பாருங்கள். வெள்ளைமேல் இருப்பது கறுத்திருக்கும், கறுப்புமேல் இருப்பது வெளுத்திருக்கும். இரண்டும் ஒன்றே என்று தெரிந்த பிறகும் கண் கேட்காது.

காரணத்தின் ஒரு பகுதி குதிரைலாட நண்டின் கண்ணில் கிடைத்தது. அந்தக் கண்ணின் ஒரு அலகில் ஒளி பட்டால், அது அக்கம்பக்கத்து அலகுகளின் துடிப்பைக் குறைக்கிறது என்று அமெரிக்க விஞ்ஞானி ஹார்ட்லைன் அளந்து காட்டினார். பார்வை பற்றிய ஆய்வுகளுக்காக 1967-ல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நம் விழித்திரையிலும் இதே மாதிரி பக்கத்து அலகை அடக்கும் வேலை உண்டு. ஆக, மூளைக்குப் போவது பெரும்பாலும் வேறுபாடுகளின் கணக்கு. வெள்ளைக்கு நடுவே உள்ள சாம்பல் அமுங்கிப்போவது இதனால்தான். ஆனால் விழித்திரையோடு கதை முடிவதில்லை, மூளையும் தன் பங்குக்குத் திருத்துகிறது.

விஷயம் சுவாரஸ்யமாவது கோடுகள் மெலியும்போது. அகலமான பட்டையாக இருந்தால் பக்கத்து நிறம் தள்ளிவிடும். இழை இழையாக ஓடினால் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். சிவப்பு வலைப்பையில் ஆரஞ்சுப் பழம் விற்பதைக் கவனித்திருப்பீர்கள். வலையின் சிவப்பு பழத்தின்மேல் பரவி, பச்சை மாறாத பழத்தையும் கனிந்ததாகக் காட்டுகிறது. ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் கெகன்ஃபுர்ட்னர் 2024-ல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். வியாபாரிகளுக்கு அதற்கு முன்பே தெரியும் என்பது என் சந்தேகம்.

காஞ்சிப்பட்டில் இரண்டையும் ஒருசேரப் பார்க்கலாம். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை என்று கோர்வை போட்டு, அதாவது உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் இணைத்து, நெய்யும்போது, இரண்டு அகலப் பரப்புகள் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். மயில்கழுத்து நிறத்திலோ பாவும் (நீள இழை) ஊடையும் (குறுக்கு இழை) வேறு வேறு நிறம். இழைகள் தனித்தனியாகத் தெரியாத அளவுக்கு மெல்லியவை, அதனால் கலந்து மூன்றாவது நிறமாக மினுங்கும்.

செவ்ரலைப் படித்த ஓவியர்களில் ஜார்ஜ் ஸெரா முக்கியமானவர். புள்ளி புள்ளியாகவே வரைந்த அவருடைய பெரிய ஓவியம், ‘கிராந்த் ஜாத் தீவில் ஒரு ஞாயிறு’, இப்போது சிகாகோவில் இருக்கிறது. வரைந்து முடித்துச் சில ஆண்டுகள் கழித்து, அதன் விளிம்பைச் சுற்றிச் சிவப்பு, ஆரஞ்சு, நீலப் புள்ளிகளால் ஒரு கரை சேர்த்தார். படத்துக்குப் பக்கத்தில் எது இருக்க வேண்டும் என்பதைச் சட்டம் அடிப்பவரிடம் விட அவருக்கு மனமில்லை போலும்.

இன்று அதே வேலையைச் சினிமாவில் கலர் கிரேடிங் செய்பவர், அதாவது எடுத்த காட்சிகளின் நிறத்தைச் சரிப்படுத்துபவர், செய்கிறார். மனிதத் தோல், எந்த நிறமானாலும், பெரும்பாலும் ஆரஞ்சு வகையைச் சேர்ந்தது. பின்னணியை நீலப்பச்சைக்குத் தள்ளினால் முகத்தைத் தொடாமலேயே முகம் முன்னால் வந்துவிடும். எத்தனையோ சினிமா போஸ்டர்கள் ஒரே ஜாடையில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

செல்போனில் எடுத்த படத்துக்கு நிறம் போதவில்லை என்றால் பலரும் சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, கூட்டுகிறார்கள். அப்போது எல்லா நிறமும் சேர்ந்து ஏறும், எதுவும் எடுபடாது. செம்பருத்தியின் சிவப்பு போதவில்லையா? சிவப்பில் கை வைக்காமல் சுற்றியுள்ள மஞ்சளையும் பழுப்பையும் மட்டும் கொஞ்சம் இறக்கிவிட்டு, இலைப் பச்சையை அப்படியே விட்டுப் பாருங்கள்.