கியர் இறுகினால் முதலில் கியர்பாக்ஸை இறக்காதீர்கள்

கிட் ஸ்போர்ட்ஸ் கார், அதாவது பாகங்களாக வாங்கிப் பூட்டிய ஸ்போர்ட்ஸ் கார், வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் பட்டறைக்கு வரும்போதே தீர்ப்போடுதான் வருகிறார்கள். “கியர் ரொம்ப டைட்டா இருக்கு, பாக்ஸ் போயிடுச்சு, இறக்கிடுங்க.” அதற்கு முன் கொஞ்ச நேரம் கொடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பேன். கியர் இறுகுவதற்கான காரணம் பெரும்பாலும் கியர்பாக்ஸுக்கு வெளியேதான் கிடைக்கிறது.

இந்த வகை வண்டிகளில் அதற்குக் காரணம் உண்டு. லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மனின் லோட்டஸ் செவன் என்ற எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார் 1957-ல் வந்தது. 1973-லிருந்து அந்த வடிவத்தைக் கேட்டர்ஹாம் நிறுவனம் தொடர்கிறது. அதே பாணியில் வீட்டுக் கொட்டகையில் பூட்டப்பட்ட வண்டிகளும் ஏராளம். பலவற்றின் எடை 500, 600 கிலோதான். ஆனால் உள்ளே இருக்கும் கியர்பாக்ஸ், ஃபோர்டு சியராவில் வந்த டைப் 9 போலவோ மாஸ்டா எம்எக்ஸ்-5-இல் வந்தது போலவோ வேறொரு காருக்காகச் செய்யப்பட்டது. பெட்டியை யாரும் பெரிதாக மாற்றுவதில்லை. அதைச் சுற்றியுள்ள கிளட்ச் இணைப்பு, பெடல், லீவர், பெல் ஹவுசிங் (எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் கூடு), மவுண்ட் (பெட்டியைத் தாங்கும் ரப்பர் பிடி) எல்லாம் கிட்டுக்கு ஏற்ப மாறிவிடுகின்றன. கோளாறும் அங்கேதான் பிறக்கிறது. போதாக்குறைக்கு, சீட்டுகளுக்கு நடுவே ஓடும் குறுகலான டனலிலிருந்து பெட்டியை எடுக்க வேண்டுமென்றால் பல வண்டிகளில் எஞ்சினையும் சேர்த்தே தூக்க வேண்டும். தேவையில்லாமல் செய்கிற வேலை இல்லை அது.

முதல் சோதனைக்கு ஸ்பேனரே வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று உடனே விழாவிட்டால் வண்டியை லேசாக உருட்டிவிட்டு மறுபடி போடுங்கள், பல்லுக்குப் பல் முட்டி நின்றிருக்கலாம். எல்லாம் வழுக்கிக்கொண்டு விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் அடம்பிடித்தால் கிளட்ச் முழுசாக கட் ஆகவில்லை, அதாவது எஞ்சினைப் பெட்டியிலிருந்து பிரிக்கவில்லை என்று சந்தேகப்படுங்கள். அதை உறுதி செய்ய, சமதளத்தில், சுற்றிலும் ஆள் இல்லாத இடத்தில், எஞ்சினை ஐடிலில் விட்டு கிளட்ச்சை அடிவரை மிதியுங்கள். மெதுவாக ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர் விழும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) இல்லாத பெட்டியில், கிளட்ச் சரியாக இருந்தால் அதற்குள் உள்ளே சுழல்வது நின்றிருக்கும், கியர் அமைதியாக விழும். ‘கர்ர்ர்’ என்று கத்தினால் எஞ்சின் இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், கிளட்ச் இழுவைதான் நல்ல கியர்பாக்ஸைக் கெடுக்கிறது. கியர் மாற்றும்போது சிங்க்ரோ ரிங் கூம்பு போன்ற பரப்பில் உரசி, பெட்டிக்குள் சுழற்சியைக் கொண்டுவரும் இன்புட் ஷாஃப்ட்டையும் கிளட்ச் தட்டையும் சரியான வேகத்துக்குக் கொண்டுவருகிறது. அந்தச் சின்ன ரிங் அந்த அளவு பாரத்துக்காகத்தான் செய்யப்பட்டது. கிளட்ச் இழுத்தால் அது எஞ்சினோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். கையால் அழுத்தி அழுத்திப் போட்டே ஓட்டினால், ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் ரிங் தேயும். பெடல் பக்கத்தில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் அப்புறம் பெட்டிக்குள் போய்விடும்.

இழுவைக்கான காரணத்தைப் பெடலிலிருந்து தேடுங்கள். காலடியில் தரைவிரிப்பு மடிந்து தடுக்கிறதா, பெடல் ஸ்டாப் சீக்கிரமே முட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு கேபிளைக் கவனியுங்கள். கேபிளின் வெளி உறை முட்டி நிற்கும் தகட்டின் மேல் டார்ச் அடித்துப் பார்த்தால், சில வண்டிகளில் மிதிக்கும்போதெல்லாம் அந்த மெல்லிய அலுமினியத் தகடு வளைந்து கொடுப்பது கண்ணுக்கே தெரியும். காலை எடுத்ததும் பழையபடி நிமிர்ந்துவிடும். பெடல் கொடுக்கும் அசைவில் ஒரு பங்கைத் தகடே விழுங்கிவிட்டால், கிளட்ச்சைப் பிரிக்கும் ரிலீஸ் ஃபோர்க்குக்கு மிச்சம்தான் போய்ச் சேரும். எவ்வளவு அட்ஜஸ்ட் செய்தாலும் தீராது. அந்த இடத்தில் பின்னாலிருந்து ஒரு ஸ்டீல் தகடு கொடுத்து இறுக்க வேண்டும். கேபிள் எக்ஸாஸ்ட் பைப்புக்கு அருகே போனால் உள் உறை உருகிக் கம்பியைப் பிடிக்கும், அதையும் பாருங்கள். ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் ஏர் எடுத்துவிட்டு, பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரிலும் கிளட்ச் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டரிலும் கசிவு இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் இழுவை தொடர்ந்தால், எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் முனையில், இன்புட் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் இறுகிப் பிடித்திருக்கலாம். அல்லது பெல் ஹவுசிங்கை எஞ்சினோடு நேர்ப்படுத்தும் டவல் பின்களை யாரோ போடாமல் விட்டிருக்கலாம். வேறு வேறு காரிலிருந்து வந்த எஞ்சினையும் பெட்டியையும் அடாப்டர் வைத்துச் சேர்த்த வண்டிகளில் இந்தச் சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. வெறும் போல்ட்டுகளால் நேர் வராது.

சரி, எஞ்சின் அணைந்திருக்கும்போதும் இறுக்கமாக இருந்தால்? லீவரைப் பாருங்கள். குட்டையான லீவர் இந்த வண்டிகளில் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் லீவர் சுழலும் புள்ளியான பிவட்டுக்கு மேலே உள்ள நீளத்தைப் பாதியாக்கினால் கைக்குத் தேவையான விசை இரட்டிப்பாகும். அது கோளாறு இல்லை, கணக்கு. லீவரைச் சுற்றியுள்ள உறையை (பூட்) கழற்றிவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டு, லீவருக்கும் டனல் தகட்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். தகட்டின் ஓரத்தில் பெயிண்ட் போய் ஒரு கோடு பளபளவென்று தெரிந்தால் லீவர் அங்கே இடிக்கிறது. கியர் முழுசாக விழாமல் பாதியில் நின்று, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் வெளியே துள்ளுவதற்கு இதுவே போதும். மவுண்ட் ரப்பர் தளர்ந்து பெட்டி கீழே இறங்கிய வண்டியிலும் இப்படி நடக்கும்.

காலையில் இறுக்கம், சூடானதும் சரியாகிவிடுகிறது என்றால் ஆயிலைச் சந்தேகப்படலாம். ஆயில் கெட்டியாக இருந்தால் சிங்க்ரோ ரிங் அதை வழித்தெடுத்துப் பிடிமானம் பெறத் தாமதமாகும். இங்கே ஒரு தவறு பரவலாக நடக்கிறது. ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயில் வகைகள். பின் ஆக்சிலுக்கான ஜிஎல்-5 ஆயிலையே கியர்பாக்ஸுக்கும் ஊற்றிவிடுகிறார்கள். ஜிஎல்-5-இல் உயர் அழுத்தத்துக்கான கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம். அவற்றில் சில, பித்தளை சிங்க்ரோ ரிங்குகளை அரிக்கும். பெட்டியின் கையேடு ஜிஎல்-4 கேட்டால் அதையே, அது சொல்லும் தடிமனில் ஊற்றுங்கள். பல டைப் 9 பெட்டிகளில் டிரெயின் பிளக் கிடையாது. ஃபில்லர் துளை வழியாகத்தான் பழைய ஆயிலை உறிஞ்சி எடுக்க வேண்டும். மறக்காமல் ஃபில்லர் பிளக்கை முதலில் கழற்றிப் பாருங்கள். அது வராதென்றால், உள்ளே இருக்கும் ஆயிலைக் காலி செய்துவிட்டு நிரப்ப வழியில்லாமல் நிற்க நேரும். அடியில் படுக்கிறீர்கள் என்றால் வண்டி ஸ்டாண்டுகளின் மேல் நிற்க வேண்டும். எடை குறைந்த வண்டிதானே என்று ஜாக்கை மட்டும் நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. 500 கிலோ ஓர் ஆளை நசுக்கப் போதும்.

எல்லாம் பார்த்த பிறகும், சூடான பெட்டியில் ஒரே ஒரு கியர் மட்டும், அதுவும் வேகமாக மாற்றும்போது கத்தினால், அப்போது பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும். பெரும்பாலும் அது இரண்டாவது கியராக இருக்கும். எஞ்சின் வெளியே வந்திருக்கும்போதே பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங் இரண்டையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். இன்புட் ஷாஃப்ட்டின் பல்வரிகளில் (ஸ்பிளைன்) கிரீஸ் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும், அதிகமானால் தெறித்துக் கிளட்ச் தட்டில் படும். டனலுக்குள் போன பிறகு ஃபில்லர் பிளக்குக்கு ஸ்பேனர் எட்டாத வண்டியாக இருந்தால், ஆயிலை வெளியிலேயே நிரப்பி, பின்முனையைச் சிந்தாமல் அடைத்து, அப்புறம் ஏற்றுங்கள்.