வீட்டுக் கணினியைத் தனிநபர் கணினி ஆக்காதீர்கள்

1982இல் பிரிட்டனில் வெளிவந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற சிறு கணினியைப் பற்றி ஒரு தமிழ்க் கட்டுரை படித்தேன். முதல் வரியிலேயே அது "தனிநபர் கணினி" ஆகிவிட்டது. கொமடோர் 64, பிபிசி மைக்ரோ என்று அடுத்து வந்த எல்லாமே அப்படித்தான். மூலத்தில் இருந்திருக்க வேண்டிய சொல் 'ஹோம் கம்ப்யூட்டர்'. இந்தத் தவறை இதற்கு முன்பும் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சொல் பிறப்பு எளிதுதான். 'ஹோம்' பழைய ஆங்கிலத்தின் 'ஹாம்'. வீடு, ஊர் இரண்டுக்கும் ஆகும். 'கம்ப்யூட்' லத்தீனிலிருந்து வந்தது, கணக்கிடுதல். இரண்டையும் சேர்த்தால் வீட்டுக் கணினி. இதில் குழம்ப ஒன்றுமில்லை.

பிறகு 'தனிநபர்' எங்கிருந்து வந்தது? 'பர்சனல் கம்ப்யூட்டர்', சுருக்கமாகப் பிசி, என்பதிலிருந்து. அது வேறு சொல். இலக்கணத்தில் இனமுள்ள அடை என்பார்கள்: செந்தாமரை என்றால் வெண்தாமரை அல்ல என்று பொருள். அடைமொழி எதை விலக்குகிறது என்று பார்த்தால்தான் சொல் புரியும். 'பர்சனல்' விலக்குவது பலர் பங்கிட்டுப் பயன்படுத்திய பெருங்கணினியை. 'ஹோம்' விலக்குவது அலுவலகத்தையும் ஆய்வுக்கூடத்தையும். 1981இல் ஐபிஎம் தன் பிசியை வெளியிட்டபோது அதன் அடிப்படை மாதிரியில் வீட்டுக் கணினிகளைப் போலக் கேசட் இணைக்கவும் வழி இருந்தது, உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் போய் உட்கார்ந்தது அலுவலக மேசையில்.

ஸ்பெக்ட்ரம் உட்கார்ந்தது வீட்டுக் கூடத்தில். அதற்கென்று தனித் திரை கிடையாது. குடும்பத் தொலைக்காட்சியின் ஆன்டெனா துளையில்தான் செருக வேண்டும். 48கே நினைவகம் கொண்ட மாதிரி அப்போது 175 பவுண்டு. விளையாட்டு வேண்டுமானால் டேப் ரெக்கார்டரில் அது பதிந்த கேசட்டைப் போட்டு, ரப்பர் விசையில் ஜே-யைத் தட்டினால் 'லோட்' என்ற முழுச்சொல்லும் திரையில் வரும். மேற்கோள் குறி இரண்டு, அப்புறம் என்டர். டேப்பை ஓடவிட்டால் கீச்சென்ற சத்தம். திரையின் ஓரத்தில் சிவப்பும் இளநீலமும் பட்டை பட்டையாக ஓடும், பிறகு நீலமும் மஞ்சளும். பெரிய விளையாட்டு என்றால் ஐந்து நிமிடம்கூட ஆகும். அதுவரை அந்தத் தொலைக்காட்சியில் வேறு யாரும் செய்தி பார்க்க முடியாது. வீடே பங்கு போட்டுக்கொண்ட பொருளுக்குத் தனிநபர் என்று பெயரா? வீட்டுச் சாப்பாட்டைத் தனிநபர் சாப்பாடு என்று யாரும் சொல்வதில்லையே.

'நபர்' அரபுச் சொல், ஆகவே 'தனியாள் கணினி' என்று திருத்தலாம் என்பார்கள். பிசிக்கு அது நல்ல சொல்தான், நானும் எழுதுகிறேன். இங்கே பிழை அரபில் இல்லை, பொருளில் இருக்கிறது.

'இல்லக் கணினி' என்றும் சிலர் எழுதுகிறார்கள். பொருள் சரி. ஆனால் இல்லம் இன்று அழைப்பிதழிலும் முதியோர் இல்லத்தின் பெயர்ப்பலகையிலும் வாழ்கிற சொல். அண்ணனும் தங்கையும் முறை வைத்துச் சண்டை போட்ட பெட்டிக்கு அது ஒட்டவில்லை. வீட்டுப்பாடம், வீட்டு வைத்தியம் வரிசையில் வீட்டுக் கணினி தானாக வந்து நிற்கிறது. அதே பிபிசி மைக்ரோ 1984இல் பள்ளிகளில் கணினி கற்பிக்க அரசு கொண்டுவந்த கிளாஸ் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்தபோது பள்ளிக் கணினி ஆனது. அதையும் தனிநபர் என்று எழுதினால் வகுப்பே அதன் முன் கூடி நின்றது காணாமல் போகும்.

மொழிபெயர்ப்பவர்கள் பொருளைப் பார்க்காமல் சொல் பட்டியலைப் பார்ப்பதுதான் என் வருத்தம். அந்தக் கட்டுரையிலேயே "கேசட்டிலிருந்து பதிவேற்றம் செய்தனர்" என்றும் இருந்தது. பதிவேற்றம் என்பது நம் கோப்பை இணையத்துக்கு அனுப்புவது. டேப்பிலிருந்து நினைவகத்துக்கு வருவதை 'ஏற்றினார்கள்' என்றாலே போதும். 'லோடு செய்தார்கள்' என்றாலும் எனக்குச் சம்மதம்.

கட்டுரையின் தலைப்பு "தனிநபர் கணிமையின் ஆரம்ப நாட்கள்". நானாக இருந்தால் "வீட்டுக்குக் கணினி வந்த புதிதில்" என்று வைத்திருப்பேன்.