ஹோம்ஸ்டெட்: 160 ஏக்கர் ‘வீட்டுமனை’யா?

அமெரிக்க வரலாற்றைத் தமிழில் எழுதும்போது ‘ஹோம்ஸ்டெட்’ வந்தால் கை சட்டென்று ‘வீட்டுமனை’ என்று எழுதிவிடும். ஆனால் வீட்டுமனை என்றதும் நம் கண்ணில் தெரிவது கல் நட்ட 3 சென்ட், 5 சென்ட். 1862இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் குடியேறுவோருக்குக் கொடுத்ததோ 160 ஏக்கர் அரசு நிலம்!

சொல் பழைய ஆங்கிலம். ‘ஹாம்’ என்றால் வீடு, ஊர். ‘ஸ்டெடெ’ என்றால் இடம். பர்மிங்காம், நாட்டிங்காம் என்ற ஊர்ப்பெயர்களின் வாலில் இருப்பதும் அதே ‘ஹாம்’தான். வீடும் அதைச் சேர்ந்த கொட்டில், களம், நிலமும் சேர்ந்த இருப்பிடம் என்று பொருள். அமெரிக்கச் சட்டம் அதில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தது: சிறு கட்டணம் கட்டி நிலத்தைப் பதிந்து, 5 ஆண்டு அங்கேயே குடியிருந்து பயிரிட்டால்தான் பட்டா.

அந்த 5 ஆண்டுதான் பெரும்பாடு. நெப்ராஸ்கா, கான்சஸ் சமவெளிகளில் மரம் அரிது. புல்வேரோடு மண்ணைப் பாளம் பாளமாகப் பெயர்த்துச் செங்கல்போல அடுக்கி வீடு கட்டினார்கள். கோடையில் குளிர்ச்சி, பனிக்காலத்தில் கதகதப்பு. மழை பெய்தால் மட்டும் கூரையிலிருந்து சேறு ஒழுகும். விறகு கிடைக்காத இடங்களில் காட்டெருமைச் சாணம் காய்ந்து கிடப்பதைப் பிள்ளைகள் பொறுக்கி வர, அதில்தான் அடுப்பு எரிந்தது. தட்டாத வறட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு மனையிலிருந்து ‘மனைவி’ பிறந்தாள். அங்கே கைம்பெண்ணும் மணமாகாத பெண்ணும் தம் பெயரில் நிலம் பதிய முடிந்தது. கணவனோடு வாழ்ந்த மனைவிக்குப் பொதுவாக அந்த உரிமை இருக்கவில்லை. அந்த மண்வீட்டில் சமைத்து, பால் கறந்து, பிள்ளை பெற்று வளர்த்தாலும் பட்டாவில் அவர் பெயர் வரவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘பண்ணை வீடு’ இன்று வார இறுதிக்குப் போகும் இடமாகிவிட்டது. கொங்குப் பகுதியில் தோட்டத்துக்குள்ளேயே குடியிருக்கும் வீட்டைத் ‘தோட்டத்துச் சாளை’ என்பார்கள். வாழ்க்கை முறைக்கு அது நெருக்கம். ஆனால் வீட்டை மட்டுமே குறிக்கும். நிலமும் உரிமையும் சேர ‘குடிக்காணி’ எனலாம். குடியிருந்து பெற்ற காணி என்று விரியும். சட்டத்தைக் ‘குடிக்காணிச் சட்டம்’ என்று எழுதலாம்.

ஒரு நெருடல் உண்டு. காணி என்றால் வழிவழியாக வந்த உரிமை. அப்படிப் பார்த்தால் தென்கிழக்கு நெப்ராஸ்காவின் காணியாளர்கள் ஓட்டோ, மிசூரியா பழங்குடிகள்தான். இருந்தாலும் இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தட்டுப்படவில்லை.

இப்படிக் குடியிருந்து நிலம் பெற்ற ‘ஹோம்ஸ்டெட’ருக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். ‘குடியானவர்’ ஏற்கெனவே இருக்கிறார்.