காலையில் ஏறி இரவில் இறங்கும் டெஸ்டோஸ்டிரோன்: வயதானால் என்ன ஆகிறது?

ஓர் இளைஞரின் ரத்தத்தைக் காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் சோதித்தால், ஆண் பாலியல் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் அளவு ஒன்றாக இருக்காது. காலையில் உச்சத்தில் இருந்தது, இரவுக்குள் கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்திருப்பது சாதாரணம். எழுபது வயதுக்காரரிடம் அந்த ஏற்ற இறக்கம் பெரிதாகத் தெரியாது. 1983-இல் பிரெம்னர் குழுவினர் ஆரோக்கியமான ஆண்களிடம் 24 மணி நேரமும் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, முதியவர்களிடம் அதிகாலை உச்சம் மங்கியோ மறைந்தோ போயிருந்தது. முதுமை இந்தக் காலை உச்சத்தைப் பறித்துவிடுகிறது. சராசரியை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

உச்சம் எப்படி உருவாகிறது? மூளையின் ஹைப்போதலாமஸ் விட்டுவிட்டுச் சமிக்ஞை அனுப்புகிறது. அதைப் பெறும் பிட்யூட்டரி சுரப்பி, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்.எச். (லூட்டினைசிங்) ஹார்மோனை வெளியிடுகிறது. விந்தகத்தின் லேடிக் செல்கள் அதைக் கேட்டு டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. உறங்கத் தொடங்கியதுமே அளவு ஏற ஆரம்பிக்கிறது. பகலில் உறங்கினாலும் ஏறும். ஆக, கடிகாரத்தைவிட உறக்கத்துக்கே இதில் பெரிய பங்கு. வயதானால் உறக்கம் துண்டு துண்டாகிறது, எல்.எச். துடிப்புகள் சிறுத்து ஒழுங்கு குலைகின்றன, லேடிக் செல்களும் முன்போல் பதில் சொல்வதில்லை. போதாததற்கு, டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் கூடுகிறது. அதனால் செல்களுக்கு எட்டும் பங்கு இன்னும் வேகமாகச் சரிகிறது.

நாளின் நேரத்தைக் கணிக்கும் மூளையின் கடிகாரமே பழுதாகிவிட்டதா என்ற கேள்விக்கு ரீசஸ் குரங்குகள் அருமையான விடை தருகின்றன. எலிகள் இதற்கு உதவா: அவை இரவில் நடமாடுபவை, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அவற்றின் அட்ரீனல் சுரப்பி, உடலில் டெஸ்டோஸ்டிரோனாக மாறக்கூடிய டி.எச்.இ.ஏ. ஹார்மோனைப் பெரும்பாலும் சுரப்பதே இல்லை. ரீசஸ் ஆண் குரங்கோ நம்மைப் போல இரவில் உறங்குகிறது. (பருவம் பார்த்து இணைசேரும் விலங்கு என்பதால், ஒரே பருவத்தில் எடுத்த அளவுகளைத்தான் ஒப்பிட வேண்டும்.) அதன் அட்ரீனலில் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால், டி.எச்.இ.ஏ.வின் ஒரு வடிவமான டி.எச்.இ.ஏ. சல்பேட் இரண்டுமே காலையில் உயர்கின்றன. முதிய குரங்கில் பின்னது வெகுவாகச் சரிந்துவிடுகிறது. ஆனால் கார்ட்டிசாலின் தினசரி அலை நிலைத்திருக்கிறது! நேரம் சொல்லும் கடிகாரம் இன்னும் ஓடுகிறது, டி.எச்.இ.ஏ.வைச் சுரக்கும் அட்ரீனல் புறணியின் உள்ளடுக்குதான் தேய்ந்திருக்கிறது. மனிதரிலும் இதே தேய்வு உண்டு. எழுபது, எண்பது வயதில் டி.எச்.இ.ஏ. இளமை அளவில் 10 முதல் 20 சதவீதமே மிஞ்சுகிறது.

ஆகவே டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனையில் ரத்தம் எடுத்த நேரத்தை அலட்சியம் செய்யக் கூடாது. மாலையில் எடுத்தால் ஆரோக்கியமான இளைஞருக்கும் குறைபாடு இருப்பதுபோல் தோன்றலாம். காலையில் எடுத்து, குறைவாக இருந்தால் வேறொரு நாள் காலையிலும் எடுத்து உறுதி செய்வதே முறை. இரவுப் பணி செய்து பகலில் உறங்குபவருக்கு உச்சமும் இடம் மாறியிருக்கலாம். எத்தனை மணிக்கு உறங்கி எழுந்தார் என்பதை அவர் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.