நெஞ்சோடு கட்டும் துணி ஏன் இறுக்கமாக இருக்க வேண்டும்?

"இரண்டு மாதக் குழந்தையை, உடம்போடு சுற்றிக் கட்டும் நீளமான ராப் துணியில் கட்டிச் சுமக்கிறேன். மூச்சு முட்டிவிடுமோ என்று கொஞ்சம் தளர்த்தியே கட்டுகிறேன். சரிதானா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பயம் நியாயமானதுதான், ஆனால் தளர்த்துவதில்தான் ஆபத்து இருக்கிறது.

பிறந்த குழந்தையின் தலை உடல் நீளத்தில் கால் பங்கு. அந்தப் பாரத்தைத் தாங்கும் வலு கழுத்துக்கு வர மாதங்கள் ஆகும். துணி தளர்ந்திருந்தால் தூங்கும் குழந்தை மெல்லச் சரியும். முதுகு கூனி, வயிறு மடிந்து, கடைசியில் முகவாய் நெஞ்சில் போய்ப் படியும். நாமும் பேருந்தில் அப்படித் தலை கவிழ்ந்து தூங்குகிறோம், கழுத்து வலியோடு பிழைத்துக்கொள்கிறோம். குழந்தைக்கு மட்டும் அது ஏன் ஆபத்து?

காரணம் குழாயின் அளவு. பெரியவரின் மூச்சுக்குழாய் ஏறத்தாழ 16 மி.மீ. விட்டம், பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 4 மி.மீ., இளநீர் குடிக்கும் ஸ்ட்ராவைவிடக் குறுகல். அதன் குருத்தெலும்பும் இளசு என்பதால் கழுத்து மடங்கினால் எளிதில் ஒடுங்கும். சீராக ஓடும் காற்றுக்கோ நீருக்கோ ஒரு குழாய் தரும் எதிர்ப்பு, அதன் ஆரத்தின் நான்காம் படிக்குத் தலைகீழ் விகிதத்தில் மாறும். 1840களில் பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் வெளியிட்ட விதி இது. கணக்குப் போட்டுப் பாருங்கள். விட்டம் 1 மி.மீ. குறைந்தால் பெரியவருக்கு எதிர்ப்பு 30 சதவீதம்கூட அதிகரிக்காது. குழந்தைக்கு அதே 1 மி.மீ. மூன்று மடங்குக்கு மேல் கூட்டிவிடும். 2 மி.மீ. குறைந்தால் 16 மடங்கு! இத்தனைக்கும் குழந்தை அழாது, திமிறாது. சத்தமில்லாமலே ஆக்ஸிஜன் இறங்கும். 2010இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், 20 ஆண்டுகளில் தோள்தூளிகளோடு (தோளில் மாட்டிக் குழந்தையைச் சுமக்கும் துணி) தொடர்புடைய 14 மரணங்களையாவது கண்டறிந்து எச்சரித்தது. அவற்றில் 12 குழந்தைகள் நான்கு மாதம்கூட நிரம்பாதவர்கள்.

கட்டும் முறைக்கு வருவோம். பனியன் துணி ராப் சுமார் 5 மீட்டர் நீளம் இருக்கும். நடுப்பகுதியை மார்புக்குக் கீழே குறுக்காக வைத்து, இரு முனைகளையும் முதுகில் பெருக்கல் குறிபோல மாற்றி, தோள்வழியே முன்னால் இறக்குங்கள். குறுக்குப் பட்டைக்கு அடியில் நுழைத்து, மறுபடி மாற்றி, இடுப்பைச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். குழந்தையை வைப்பதற்கு முன்பே துணி பனியன்போல உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், எடை ஏறியதும் அது இளகும். அடுத்து குழந்தையைத் தோளில் சாய்த்து, தோள்வழியே இறங்கும் இரு பட்டைகளில் உடம்பை ஒட்டிய உள்பட்டையில் ஒரு காலையும் வெளிப்பட்டையில் மறுகாலையும் விடுங்கள். இரண்டு பட்டைகளையும் ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு மடிப்புவரை விரியுங்கள். குறுக்குப் பட்டையைப் பிடரிவரை ஏற்றுங்கள், முகத்தை மூடக் கூடாது.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நல்ல சோதனை உண்டு. உள்ளங்கையைக் குழந்தையின் முதுகில் வைத்து மெல்ல உங்கள் பக்கம் அழுத்துங்கள். கூனியிருந்த முதுகு நிமிர்ந்து குழந்தை உங்களோடு இன்னும் ஒட்டினால் கட்டு தளர்வு. அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள். முகவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒன்றிரண்டு விரல் நுழைய வேண்டும். நீங்கள் தலையைக் குனிந்தால் உச்சியில் முத்தமிட எட்ட வேண்டும். பத்து நிமிடம் நடந்த பிறகு மறுபடி பாருங்கள், பனியன் துணி அதற்குள் இளகியிருக்கும்.

முழங்கால் பிட்டத்தைவிட உயர்ந்து, தவளைபோலக் கால்கள் அகன்றிருப்பதே சரி. அப்போதுதான் தொடையெலும்பின் தலை, இன்னும் குருத்தெலும்பாக இருக்கும் இடுப்புக் குழிக்குள் நன்றாக உட்காரும். கால் வளைந்துவிடும் என்று பெரியவர்கள் சொல்வதற்கு ஆதாரமில்லை. காலை நீட்டி இறுகச் சுற்றி வைப்பதுதான் இடுப்புக்குக் கேடு.

1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர்கள் போதாத நிலையில், மருத்துவர் எட்கர் ரே தாயின் வெறும் மார்போடு குறைமாதக் குழந்தைகளைக் கட்டும் கங்காரு பராமரிப்பைத் தொடங்கினார். கருவி வாங்க நிதி ஒதுக்குவதுபோல, இந்தக் கட்டைப் பொறுமையாகச் சொல்லித்தரும் செவிலியருக்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குறைமாதம், எடைக்குறைவு என்றால் மருத்துவரைக் கேட்காமல் நீங்களாகக் கட்டத் தொடங்காதீர்கள்.

நம் வெயிலில் ராப்பையும் ஓர் உடுப்பாகக் கணக்கில் எடுத்து, உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று மட்டும் போடுங்கள். பாலூட்டக் கட்டைத் தளர்த்தினால், குடித்து முடித்த உடனே குழந்தையைப் பழைய உயரத்துக்குத் தூக்கி, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, துணியை முன்போலவே இறுக்கிவிடுங்கள்.